கண்டக்டர் வீட்டில் இடம் இருக்கு

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால், ஆற்றுப் பாலத்தை ஒட்டியிருந்த கண்டக்டர் வீட்டில் அறைகள் கூடிவிடும். மற்ற நாட்களில் வாடகைக்கு விட நான்கு அறைகள்தான். விடுமுறைக்கு முந்திய சாயங்காலம் அது ஏழாகும், ஒன்பதாகும். ஒரு தடவை பதினேழு வரைக்கும் போனது. விடுமுறை முடிந்ததும் பழையபடி நான்கு. வீட்டு வரிக்காரர் வேலைநாளில் மட்டுமே வருவார் என்பதால் நகராட்சி அந்த வீட்டுக்கு நான்கு அறைக்கான வரியையே போட்டுவந்தது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் வந்து எண்ணிய நேரத்தில் இருந்தவை நான்கு. எதிர்வீட்டு டைலர் மட்டும் சந்தேகப் பிராணி. ஒரு விடுமுறை நாளில் தன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டை வெளிப்புறமாகச் சுற்றி அளந்தார். முந்தின வாரம் அளந்த அதே அளவு. பிறகு உள்ளே போய் நடைவழியை அளக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு ஆளைக் காணோமே என்று அவர் மனைவி வந்து கூப்பிட்டபோது, ‘இன்னும் முடியல’ என்று ரொம்ப தூரத்திலிருந்து குரல் வந்தது. திரும்பி வந்தவர், சட்டையாக இருந்தால் இப்படித் தைத்தவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஊருக்கு அதற்கு முன்னால் யாரும் பொழுதுபோக்க வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் வழி தவறி வந்தவர்கள், அல்லது பெண் கொடுத்தவர்கள். அப்படியிருக்க, நகரத்து வாரப் பத்திரிகை ஒன்று, நீண்ட விடுமுறைக்கு ஏற்ற ஏழு அழகான சிற்றூர்கள் என்று எழுதி, அதில் ஐந்தாவதாக எங்களைப் போட்டுவிட்டது. நான்காவது ஊரில் அருவி இருந்தது. ஆறாவது ஊரில் ஏரியும் ஏரியில் படகும் இருந்தன. எங்கள் ஊரைப் பற்றி, ‘இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, அதுதான் நிம்மதி’ என்று எழுதியிருந்தார்கள். இதற்காகக் கோபப்படுவது என்று பேக்கரியில் கூடி முடிவெடுத்தோம். அதற்குள் கார்கள் வரத் தொடங்கிவிட்டதால் கோபத்தைத் தள்ளிப்போட்டோம். பிறகு அதை எடுக்கவே நேரம் வாய்க்கவில்லை. வந்தவர்கள் டைலர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் படம் எடுத்தார்கள். மணிக்கூண்டுக் கடிகாரம் மெதுவாக ஓடுவதைக் கண்டு, ஆஹா, இந்த ஊரில் நேரமே நிதானமாகப் போகிறது என்று பெருமூச்சு விட்டார்கள். அதைப் பழுது பார்க்க வந்திருந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். பேக்கரிக்காரர் பன்னின் அடிப்பக்கத்தைத் தீயவிடுவது அவருடைய பிறவிக் குணம். அதற்காக முப்பது வருஷம் எங்களிடம் திட்டு வாங்கியவர். வந்தவர்கள் அதை மோந்து பார்த்து விறகு வாசனை என்றார்கள். அன்றிலிருந்து பன் விலை இரண்டு மடங்கு. தீயாத பன் வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கண்டக்டர், எங்கள் ஊருக்கும் நகரத்துக்கும் ஓடிய பஸ்ஸில் முடி நரைக்கும் வரை வேலை பார்த்தவர். அந்த மனிதருக்கு ஒரு பெருமை இருந்தது: ரோட்டில் கை காட்டிய ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. படிக்கட்டில் கால் வைக்க இடம் இல்லாதபோதும், ‘உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு’ என்பார். உள்ளே இருப்பவர்களுக்கு அது பச்சைப் பொய் என்று தெரியும். ஆனாலும் அவர் சொல்கிற விதத்தில் ஏதோ இருந்தது; மூட்டை சுருங்கும், குழந்தை மடிக்கு ஏறும், தடித்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் இடம் இருக்கத்தான் செய்யும். ஓய்வு பெற்ற பிறகு பாலத்தோரத்து வீட்டில் நான்கு அறையை ஒழித்து, விருந்தினர்களுக்கு விட்டார். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, கழுத்தில் பழைய விசிலோடு உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவியை ஊரே கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடும். சமையலும் அவர்தான், வாய்க்கு வாய் கொடுப்பதும் அவர்தான்.

இன்னொரு வழக்கமும் கண்டக்டருக்கு இருந்தது. அதையும் அந்தக் காலத்தில் நாங்கள் பெருமையாகத்தான் பேசினோம். தன் பஸ்ஸில் தன் வீட்டு ஆள் உட்காரக் கூடாது. சீட்டு, காசு கொடுத்தவருக்கு. அண்ணன், தம்பி, மாமன், மச்சான் யார் ஏறினாலும் நிற்க வேண்டும். நம்ம ஆளுதானே, கோபித்துக்கொள்ள மாட்டான். அவருக்கு ஒரே மகள், பாப்பா என்று கூப்பிடுவார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பஸ்ஸில்தான் போய்வந்தாள். படித்து முடிக்கிறவரை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கம்பியில் அவள் உயரத்துக்கு ஒரு இடம், அவளோடு சேர்ந்து வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டே போய், பளபளவென்று தேய்ந்திருக்கும். ஒருநாள் காய்ச்சலோடு ஏறியவளைப் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு வியாபாரி ஏறினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, ‘பாப்பா, எந்திரிம்மா, சார் ஒக்காரட்டும்’ என்றார். எழுந்தாள். அந்த வியாபாரியே கூச்சப்பட்டு, ‘பிள்ளைக்கு மேலு சுடுதேய்யா’ என்றார். ‘நம்ம பிள்ளைதான் சார், நிப்பா’ என்றார் கண்டக்டர். நேர்மையென்றால் இது என்று அந்த வாரம் முழுக்கப் பேக்கரியில் இதே பேச்சு. அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

பத்திரிகையில் வந்த பிறகான முதல் நீண்ட விடுமுறையில் நான்கு அறையும் பொழுது சாய்வதற்குள் நிரம்பிவிட்டன. கொட்டுகிற மழையில் ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, மாமியார், கூண்டில் ஒரு கிளி. எடம் இருக்கா சார் என்று கேட்டதுதான் தாமதம், கண்டக்டர் வாய் தன் பாட்டுக்கு, ‘உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு’ என்றது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்கள் நம்பிப் போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடினால், நான்காவது கதவுக்கு அடுத்து ஐந்தாவது ஒன்று இருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசனை மாறாத சுவர், விரித்த படுக்கை, மூடி போட்ட தண்ணீர்க் கூஜா, ஆற்றைப் பார்த்த ஜன்னல். கூண்டை மாட்ட ஒரு கொக்கிகூட இருந்தது. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த கண்டக்டரம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ‘இதை யாரு பெருக்குறதாம்?’ என்று கேட்டார். அந்த விஷயத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகு அது ஒரு நடைமுறையாகவே ஆகிவிட்டது. கண்டக்டர் வாசலில் நின்று கூப்பிடுவார், ஆட்கள் உள்ளே போவார்கள், கதவு இருக்கும். விடுமுறை முடிந்த சாயங்காலம் கடைசிக் கார் பாலத்தைத் தாண்டியதும் நடைவழியில் நின்று இரண்டு விசில் கொடுப்பார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் புறப்படு. அறைகள் புறப்பட்டுவிடும். ஒருமுறை யாரோ ஒரு செருப்பை மறந்துவிட்டுப் போக, விசில் ஊதியபோது அது பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்டது. அடுத்த விடுமுறை வரை அதில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இடம் சும்மா வராது. வீடு அதை வீட்டுக்காரர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கதவு கூடும்போதும் அடுப்படி கொஞ்சம் ஒடுங்கும். கூட்டம் அதிகமான நாளில் கண்டக்டரம்மா பக்கவாட்டில் நின்றுதான் சமைத்தார். குழம்பைக் கிளறினால் முழங்கை சுவரில் இடிக்கும். புருஷனும் பெண்டாட்டியும் படுத்த இடத்தில் ஒருவர் புரள வேண்டும் என்றால் மற்றவர் எழுந்து வெளியே போய்விட்டு வர வேண்டும். ‘ஏங்க, போற போக்கைப் பார்த்தா நம்மளையும் மடிச்சுப் பெட்டியில வெச்சுடுவீங்க போல’ என்று கண்டக்டரம்மா சொல்வார். கண்டக்டருக்கு அது வேடிக்கையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு அப்போது எல்லாமே வேடிக்கையாக, வெற்றியாகத்தான் இருந்தது. ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத இடம் தன் வாய்ச் சொல்லில் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் கால் தரையில் பாவும்?

நான்காவது அறை மகளுடையது. அவள் நகரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்ட பிறகு, அவள் வரும்போது காலி செய்துகொள்ளலாம் என்று சொல்லித்தான் அதை வாடகைக்கு விட்டார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை ஒன்று அலமாரியில் இருந்தது. வருகிறவர்கள் அதில் பல் குச்சி போட்டுவைத்தார்கள். சங்கடம் என்னவென்றால், அவளுக்கும் ஊருக்கு வரத் தோதான நாட்கள் அதே நீண்ட விடுமுறைகள்தான். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் எப்போது லீவோ, அப்போதுதான் அவளுக்கும் லீவு. ‘அப்பா, இந்த வெள்ளிக்கிழமை வரட்டுமா?’ என்று போன் செய்வாள். ‘வாம்மா, இது என்ன கேள்வி’ என்பார். பிறகு ஒரு மூச்சு விட்டு, ‘இந்தத் தடவை கொஞ்சம் கூட்டம் பாப்பா. அடுத்த லீவுக்கு வாயேன், ஆற அமர இருக்கலாம்’ என்பார். அடுத்த லீவிலும் கூட்டம். இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு விடுமுறையில் அவளும் புருஷனும் படகில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று கண்டக்டரம்மாவின் போனுக்கு வந்தது. பின்னால் ஏரி. பத்திரிகைக்காரன் எழுதிய ஆறாவது ஊர். கண்டக்டரம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் புருஷன் மூக்குக்கு நேராக நீட்டினார். ‘பாருங்க, நம்ம பொண்ணு லீவுக்குப் போயிருக்கா. அங்க எடம் இருந்துதாம்.’ கண்டக்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘ஒக்காந்திருக்கா’ என்றார். பிறகு வாசலில் யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

பதினேழு அறை வந்தது என்று சொன்னேனே, அந்த விடுமுறையில்தான் அது நடந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலிலிருந்தே மழை. வாசலில் குடையும் பெட்டியுமாக வரிசை பாலம் வரைக்கும் நின்றது. கண்டக்டர் நிலைப்படியில் நின்று ஒவ்வொருவராக, ‘உள்ள போங்க, எடம் இருக்கு’ என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்து நின்றது மகள். குடை இல்லை. கையில் பெரிய சூட்கேஸ். மூன்று நாளுக்கு யாரும் அவ்வளவு பெரியதைத் தூக்கிவர மாட்டார்கள். அவர் முகம் மலர்ந்தது, அதை நாங்கள் பார்த்தோம். அதே சமயம் அவளுக்குப் பின்னால் நின்ற இளம் தம்பதி கைக்குழந்தையைத் துணியால் மூடுவதையும் அவர் பார்த்துவிட்டார். ‘பாப்பா, கொஞ்சம் இப்படி ஓரமா நில்லு, அவங்க போகட்டும்’ என்றார். நின்றாள். தம்பதிக்குப் பின்னால் ஒரு நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் வயசான இரண்டு சகோதரிகள். எல்லோரும் போய் முடிகிற வரைக்கும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த விதத்தைப் பார்த்த பேக்கரிக்காரருக்கு அந்த பஸ் கம்பி ஞாபகம் வந்ததாம். அப்போது சொல்லாமல் பிற்பாடு சொன்னார்.

அடுப்படியிலிருந்து பக்கவாட்டில் நழுவி வந்த கண்டக்டரம்மா, ‘அடியே, எப்ப வந்தே? எதுக்கு இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறே?’ என்று பதறினார். ‘அப்பாதான் நிக்கச் சொன்னாரு’ என்றாள் மகள், ஒரு தகவல் போல. கண்டக்டரம்மா புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு படி பால் பொங்கியிருக்கும். அவரும் சுதாரித்துக்கொண்டு, ‘எத்தனை நாள் இருப்பே பாப்பா?’ என்று கேட்டார். வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ‘இருந்துடலாம்னுதான் வந்தேன்ப்பா’ என்றாள். நகரத்தில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பின்னால் தெரிந்தபோது, அதைப் பற்றிப் பேச எங்களுக்கு யோக்கியதை இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது. கண்டக்டர், ‘அதுக்கென்ன, தாராளமா இரு. உள்ள போம்மா, உள்ள எடம் இருக்கு’ என்றார். அவள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு பதினேழு கதவையும் தாண்டி நடைவழியின் கடைசி வரைக்கும் போனாள். சக்கரச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, நின்றது. அங்கே சுவர்தான் இருந்தது. அவர் இன்னொரு தடவை சொன்னார். ஒரு விசில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அறைகளிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. சுவர், சுவராகவே இருந்தது. அவளுடைய சொந்த அறையில் இரண்டு பேர் அவள் கட்டிலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பியிருக்கலாமே என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தோன்றியது. கண்டக்டருக்குத் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கினவரை எழுப்புவது என்பது அவர் கைக்கு வராத காரியம். ‘ஹால்ல ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாப்பா. திங்கக்கிழமை எல்லாரும் எறங்கிடுவாங்க. நம்ம வீடுதானே’ என்றார். மகள் சிரித்தாள். ‘பரவாயில்லப்பா. நிக்கிறது எனக்குப் பழக்கம்தான்’ என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பார்.

அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், அவள் கடைசி பஸ்ஸுக்குப் போனாள். கண்டக்டர் குடையும் சூட்கேஸுமாகப் பின்னாலேயே ஓடினார். பஸ்ஸிலும் நெரிசல். படிக்கட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. புது கண்டக்டர் பையன்கூட விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் காத்திருந்தான். போகாதே என்பதுதான் அவர் நெஞ்சில் இருந்ததென்று பிறகு மனைவியிடம் சத்தியம் செய்தார். ஆனால் அந்தக் கை முப்பது வருஷப் பழக்கம் உள்ள கை. அது தானாக எழுந்து பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியது. வாய், ‘போலாம், ரைட்’ என்றது. பஸ் போய்விட்டது.

அன்றைக்கு வீடு திரும்பிய கண்டக்டர் ஸ்டூலில் உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவர் எங்கேயும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார், கதவு நிலையைப் பிடித்து அதில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, எங்களில் பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட முட்டி கிடையாது என்றார். ‘உக்காந்துதான் தொலைங்களேன்’ என்று கண்டக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டால், ‘பரவாயில்ல, கூட்டமா இருக்கு’ என்பார். வேலைநாளில் வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இருக்காது. விடுமுறையிலும் பழைய கூட்டம் இல்லை, ஏனென்றால் அடுத்த தடவையிலிருந்து புது அறைகள் வருவது நின்றுபோயிற்று. அவர் கூப்பிடத்தான் செய்தார். உள்ளே போனவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நெற்றியைத் தடவியபடி திரும்பி வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘எடம் இல்லீங்க’ என்று சொல்லக் கற்றுக்கொண்டார். நான்காவது அறையைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மகளுக்கு ஏன் கதவு வரவில்லை என்பதில் ஊரில் இரண்டு கட்சி. போகிற தேதி தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வீடு இடம் கொடுக்கும், இருக்க வருகிறவர்களுக்கு அல்ல என்பது டைலரின் கட்சி. வீடு பாவம், அதற்கு என்ன தெரியும், நம்ம ஆள் நிற்கட்டும் என்று கண்டக்டரிடம் கற்றதைத்தானே அது செய்யும் என்பது பேக்கரிக்காரரின் கட்சி. கண்டக்டரிடமே கேட்டபோது, இரண்டும் சரிதான் என்றார்.

யாரும் எதிர்பாராத ஒரு புதன்கிழமை, விடுமுறையும் இல்லை, மழையும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை, நடைவழிக் கடைசியில் அந்தச் சுவர் இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. உள்ளே ஒற்றைக் கட்டில். ஜன்னலோரமாக, மெத்தையும் கைப்பிடியும் வைத்த ஒரு நாற்காலி. ஒரு ஆள் நன்றாகச் சாய்ந்து உட்காரலாம். மற்ற அறைகளின் ஜன்னல்கள் ஆற்றைப் பார்த்தன என்றால் இது பஸ் நிறுத்தத்தைப் பார்த்தது. கண்டக்டர் அந்த நாற்காலிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தோளில் இருந்த நீலக் கோடு போட்ட துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். அவர் பஸ்ஸில் அத்தனை வருஷம், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களை அவர் விரட்டாத நாள் கிடையாது. இந்த அறை விசிலுக்கும் போகவில்லை, திங்கட்கிழமைக்கும் போகவில்லை. வேலைநாளில் வந்த வரிக்காரர் ஐந்து அறை என்று எண்ணி வரியை உயர்த்தினார். கண்டக்டர் வாதாடவில்லை. ரசீதில் ஐந்து என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மகள் வேலையை மாற்றிக்கொண்டு இன்னும் தூரத்து நகரத்துக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுவாள். கண்டக்டர் பக்கத்தில் நின்று காதை நீட்டிக் கேட்பார். ‘ரூம் இருக்குன்னு சொல்லு’ என்று ஜாடை காட்டுவார். ‘ஏன், உங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா? நீங்களே சொல்லுங்க’ என்று ஒருநாள் கண்டக்டரம்மா போனை அவர் கையில் திணித்துவிட்டார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ‘பாப்பா... ஒரு ரூம் வந்திருக்கு. யாருக்கும் விடல. ஒக்கார எடம் இருக்கும்மா’ என்றார். ‘சரிப்பா’ என்றாள். ‘இந்தத் தடவை ஆபீஸ்ல கொஞ்சம் வேலை. அடுத்த லீவுக்குப் பாக்கலாம்.’ அவள் குத்திக்காட்டச் சொன்னதாக யாருக்கும் தோன்றவில்லை. நிஜமாகவே வேலை இருந்திருக்கும். ‘ஆமாமா, வேலையைப் பாரு, அதான் முக்கியம்’ என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். இப்படியும் பல வருஷம் போயிற்று. விடுமுறைக்கு வருகிறவர்கள் ஐந்தாவது அறையைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, சும்மாதானே கிடக்கிறது, கேட்கிறதைத் தருகிறோம் என்பார்கள். ‘ஆள் வருது’ என்பார் கண்டக்டர். போன விடுமுறைக்கும் இதையே சொன்னீங்களே என்று கேட்டவர்களும் உண்டு. ‘பஸ் லேட்டு’ என்பார்.

ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்திய நாள் அதிகாலையில் நின்றபடியே இறந்துபோனார். கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்கப் பேக்கரிக்காரரும் டைலரும் பாடுபட வேண்டியிருந்தது. தூரத்து நகரத்திலிருந்து மகள் கிளம்பி, இங்கே வருகிற பஸ்ஸைப் பிடிக்க வந்தபோது, விடுமுறைக் கூட்டம் ஜன்னல் வழியாகக்கூட ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏறிப் பழக்கம்போல் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். மூச்சுவிட இடமில்லாத அந்த பஸ்ஸில் நடுவில் ஒரு ஜன்னலோர சீட்டு மட்டும் காலியாக இருந்தது. அதன் மேல் நீலக் கோடு போட்ட துண்டு. நிற்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். யாருக்கும் அதை எடுத்துவிட்டு உட்காரத் தோன்றவில்லை. யார் போட்டது என்று கேட்டுப் பார்த்த அந்த பஸ்ஸின் கண்டக்டர் பையன், கடைசியில் அவளிடம் வந்து, ‘அக்கா, உள்ள போங்க. உள்ள எடம் இருக்கு’ என்றான். அவன் அதை வேறு யாருடைய குரலிலும் சொல்லவில்லை, தன் குரலில்தான் சொன்னான். இதை நாங்கள் விசாரித்தோம். அவள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தடத்தில் அவள் உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊருக்கு முன்னால் இரண்டு பக்கமும் வயலும் தூரத்தில் ஒரு குன்றும் வருவது நிற்கிறவர்களுக்குத் தெரியாது. பார்க்க ஒன்றும் இல்லாத ஊர் என்றுதான் அவளும் அதுவரை நினைத்திருந்தாள். இதைக் கண்டக்டரம்மாவிடம் சொல்லித்தான் அழுதாளாம், அப்பா இறந்ததைச் சொல்லி அல்ல.

அவள் ஐந்தாவது அறையில் இருக்கிறாள். போகிற தேதி என்று எதுவும் சொல்லவில்லை, அறையும் கேட்கவில்லை. நீண்ட விடுமுறைகளில் வீட்டில் மறுபடி அறைகள் வருகின்றன. அவள் யாரையும் உள்ளே போகச் சொல்வதில்லை. வருகிறவர்கள் அவர்களாகவே போகிறார்கள், கதவு இருக்கிறது. அடுப்படி இப்போது ஒடுங்குவதில்லை, அந்த இடம் வேறு எங்கிருந்தோ வருகிறது. விடுமுறை முடிந்த சாயங்காலம் இரண்டு விசில் கேட்கும். விசில் ஆணியில்தான் தொங்குகிறது. மணிக்கூண்டை நம்ப முடியாது என்பதால் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பேக்கரிக்காரர் கடையைச் சாத்துகிறார். வாசலில் அந்தப் பழைய ஸ்டூல் போட்டபடி கிடக்கிறது, மேலே நீலக் கோடு போட்ட துண்டு. பயணத்தில் களைத்து வருகிற யாராவது, ‘இதுல கொஞ்சம் ஒக்காந்துக்கலாமா?’ என்று கேட்பார்கள். ‘இல்லீங்க, ஆள் வருது’ என்பாள் மகள். அவர்களும் ஒருமுறை ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கீழே வைத்து, ஓரமாக நின்றுகொள்வார்கள்.